பனிக்கண்டத்தில் ஓராண்டு வாசம்

கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரனார் பிறந்த ஓட்டப்பிடாரத்தைச் சூழ்ந்து வாழும் நமக்குக் கடலும் முத்துக்குளிப்பும் புதியனவல்ல. மூச்சடக்கி மூழ்கியவரின் உயிர், தோணியில் நின்று கயிறு பிடித்தவரின் கையில் இருந்தது. கீழிருந்து கயிறு அசைந்ததும் அவர் மேலே இழுத்துவிடுவார். அவ்வாறு இழுத்துவிட வெளியில் எவருமில்லாத இடத்தில் மாதக்கணக்கில் தங்கி ஆய்வு நடத்தும் நம் நாட்டவரைப் பற்றி நாம் எந்த அளவு அறிவோம்?

கடலியல் அறிஞர் சையது ஜஹூர் காசிம் தலைமையில் 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்ட முதல் இந்தியக் குழு, 1982 ஜனவரியில் அண்டார்க்டிகாவை அடைந்தது. மூன்றாம் பயணக்குழு ‘தட்சிண கங்கோத்ரி’ நிலையத்தை அமைத்தது. 1984இல் பன்னிருவர் அங்கே முதன்முதலாகக் குளிர்காலத்தைக் கழித்தனர். பனித்தட்டின்மேல் கட்டப்பட்ட அந்நிலையம் நாளடைவில் பனியிற் புதைந்தது. ஆகவே 1989இல் பாறைநிலத்தில் ‘மைத்ரி’ எழுந்தது. 2012 முதல் ‘பாரதி’யும் இயங்கி வருகிறது.

அங்குக் கோடை முடிந்து கடைசிக் கப்பல் திரும்பியதும் கடல் உறைந்துவிடும். பின்னர்ப் பல மாதங்களுக்கு வருவாருமில்லை, போவாருமில்லை. மைத்ரியில் ஏறத்தாழ இரண்டு மாதம் கதிரவன் உதிப்பதேயில்லை. அறிவியலாளர், மருத்துவர், இயந்திரம் பழுதுபார்ப்போர், சமையற்காரர் எனச் சிறுகுழுவொன்றே எஞ்சியிருக்கும். மின்னாக்கி நின்றால் வெப்பம் நிற்கும். வெப்பம் நின்றால் குழாயில் வரும் நீரும் உறையும். எனவே விஞ்ஞானியின் கருவியும் தொழிலாளியின் திருகுசாவியும் அங்கே ஒரே மதிப்புடையன.

இத்தனை இடருக்கிடையே குளிர்காலத்திலும் தங்குவானேன் என்று கேட்கலாம். வானிலை, புவிக்காந்தம் ஆகியவற்றின் பதிவுகள் ஒருநாளும் அறுபடலாகாது. ஓசோன் படலத்தின் துளை, குளிர்காலம் முடியும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலேயே பெரிதாக விரிகிறது. கோடையில் மட்டும் சென்று திரும்புவோர் அதன் தொடக்கத்தையும் வளர்ச்சியையும் காண இயலாது.

இப்பணி ஆடவர்க்கே உரியதன்று. இஸ்ரோவின் மங்களா மணி அம்மையார், பாரதி நிலையத்தில் குளிர்காலக் குழுவின் ஒரே பெண்ணாக 2016 நவம்பர் முதல் 2017 டிசம்பர் வரை 403 நாட்கள் பணியாற்றினார்.

உலகப் பனியில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு அக்கண்டத்தில்தான் உள்ளது. அது உருகுமளவு நம் கடற்கரையிலும் நீர்மட்டம் உயரும். ஆதலால் அவர்கள் எழுதிவைக்கும் கணக்கு நம் ஊர்களின் கணக்குமாகும். வெளியிலிருந்து உதவி எட்டாத அவ்விடத்தில் ஒருவர்க்கொருவர் கயிறு பிடிப்பவர்களாய் வாழும் அக்குழுவில், நம் மாணவ மாணவியரும் இடம்பெறும் நாள் வருக என்று விழைகிறோம்.