பதினாறாவது புள்ளி

எங்கள் வீட்டு வாசலில் என் மனைவி பதினைந்து புள்ளிக் கோலம் போடுவது வழக்கம். பதினாறாவது புள்ளியை எங்கள் அம்பாஸிடர் கார் வைத்துவிடும்! அதுவும் வெள்ளைப் புள்ளி அல்ல. கன்னங்கறேலென்ற எண்ணெய்ப் புள்ளி.

"ஏங்க, உங்க வண்டியும் என்கிட்டே கோலம் கத்துக்குதா?" என்று அவள் கேட்பாள். நான் பதில் சொல்லாமல் ஒரு பழைய தட்டை எஞ்சினுக்கு அடியில் தள்ளிவிடுவேன்.

இது நடந்தது 1998-ம் வருஷத்தில். அந்தக் கார் என் அப்பா வாங்கியது. அப்பா காலமான பிறகு, தினமும் காலையில் அம்மாதான் அதைத் துணியால் துடைத்து வைப்பாள். அதற்கென்றே ஒரு மஞ்சள் துணி.

எண்ணெய் ஒழுகியது எஞ்சினின் முன்பக்கத்தில், புல்லிக்குப் பின்னால். "ஆயில் ஸீல் போயிடுச்சு" என்றார்கள் முதல் பட்டறையில். ரேடியேட்டரைக் கழற்றி, புல்லியை இழுத்து, புது ஸீல் போட்டார்கள். ஒரு வாரம் வாசல் சுத்தமாக இருந்தது. எட்டாம் நாள் புள்ளி வந்துவிட்டது! இரண்டாவது பட்டறையில் இன்னொரு ஸீல், அதைச் சுற்றி நிறையப் பசை. மூன்றாவது பட்டறையில் விலை உயர்ந்த ஸீல். மூன்றும் ஒரே கதைதான். கடைசியில் அலுத்துப்போய்த் தரகரிடம் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை முன்பணத்தோடு வருவதாகச் சொன்னார்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்த மஞ்சள் துணியை மட்டும் துவைத்து, மடித்து, அலமாரியில் வைத்துவிட்டாள்.

அதைப் பார்த்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. திருச்சி பாலக்கரைப் பக்கம் சின்னப் பட்டறை வைத்திருந்த வயதான பாய் ஒருவரிடம் வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன்.

"பாய், நல்ல ஸீலாக ஒன்று போட்டுக் கொடுங்கள்" என்றேன்.

"ஸீல் கிடக்கட்டும், ஸார். எண்ணெய் எங்கேயிருந்து கிளம்புதுன்னு யாராவது பார்த்தாங்களா?" என்றார் அவர்.

யாரும் பார்க்கவில்லை!

பாய் எஞ்சினின் முன்பக்கத்தை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துடைத்தார். நன்றாகக் காய்ந்த பிறகு முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினார். சிறிது நேரம் எஞ்சினை ஓட விட்டு நிறுத்தினார். வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு ஒன்று, ஸீல் இருக்கும் இடத்திலிருந்தே இறங்கியிருந்தது. மறுபடி எஞ்சினை ஓட விட்டு, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, "கையை வைச்சுப் பாருங்க" என்றார். உள்ளங்கையில் குப்குப்பென்று காற்று மோதியது.

ஆயில் ஸீல் என்பது இரும்பு வளையத்துக்குள் பதித்த ரப்பர் வளையம். அதன் உள்விளிம்பு மெல்லிய உதடு போல இருக்கும். உதட்டின் முதுகில் நுண்ணிய ஸ்பிரிங் ஒன்று சுற்றியிருந்து, சுழலும் பாகத்தை அது மெதுவாகத் தழுவும்படி செய்கிறது. தடுத்து நிறுத்த அதனால் முடியும். ஆனால் முட்டித் தள்ளினால் தாங்காது.

எது தள்ளியது? பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் எஞ்சினின் அடிப்பாகத்துக்குள் இறங்கும். அது வெளியேறுவதற்காக ஒரு மூச்சுக் குழாய் உண்டு. எங்கள் வண்டியில் அந்தக் குழாய் எண்ணெய்ப் பிசுக்கால் அடைத்துக் கிடந்தது! பல வருஷமாக அதைச் சுத்தம் செய்யாத குற்றம் என்னுடையதே.

"பொங்குற சோத்துப் பானையை இறுக்கி மூடினா, கஞ்சி எந்த வழியா வரும், ஸார்?" என்றார் பாய்.

பிறகு புல்லியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். ஸீலின் உதடு உராயும் இடத்தில் விரல் நகத்தை ஓட்டச் சொன்னார். நகம் ஒரு பள்ளத்தில் மாட்டிக்கொண்டது. பல வருஷம் ஒரே இடத்தில் உராய்ந்து, இரும்பில் கோடு விழுந்திருந்தது. புது ஸீலின் உதடும் அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தால் எப்படி அடைக்கும்?

மூன்றாவது குற்றம், ஸீல் பொருந்தியிருக்கும் டைமிங் கவரில். அதன் போல்ட் துளைகளில் கொஞ்சம் இடம் உண்டு. கவர் மயிரிழை விலகினாலும் ஸீல் ஒருபக்கமாக அழுந்தும். முன்பு வேலை பார்த்தவர்கள் கவரை முதலில் இறுக்கிவிட்டுப் புல்லியைச் செருகியிருந்தார்கள்.

பாய் மூச்சுக் குழாயைக் கழுவி ஊதினார். பழைய சாமான் கடையிலிருந்து பள்ளமில்லாத புல்லி ஒன்றை வாங்கி வந்தார். (அப்படிக் கிடைக்காவிட்டால், தேய்ந்த இடத்தின் மேல் மெல்லிய எஃகு உறை ஒன்றை ஏற்றலாம்.) புது ஸீலின் உதட்டில் எண்ணெய் தடவி, உதடு எஞ்சினைப் பார்க்கும்படி கோணாமல் உள்ளே இறக்கினார். கவர் போல்ட்டுகளைத் தளர்வாக வைத்து, புல்லியைச் செருகி, ஸீல் நடுவில் வந்த பிறகே ஒவ்வொன்றாக இறுக்கினார்.

"உங்க வண்டி எஞ்சினுக்குப் பின்பக்கத்திலே ரப்பர் ஸீலே கிடையாது, ஸார். கிராங்க் ஷாப்ட்டிலே வெட்டின திருகு வரிதான் எண்ணெயைத் திருப்பி அனுப்புது. மூச்சுக் குழாய் அடைச்சா நாளைக்கு அங்கேயும் ஒழுகும். எண்ணெய் மாத்தும்போதெல்லாம் அதைப் பார்த்துக்குங்க" என்றார்.

வியாழக்கிழமை இரவு வண்டி வீட்டுக்கு வந்தது. மறுநாள் காலையில் விளக்கை எடுத்துக்கொண்டு அடியில் குனிந்து பார்த்தேன். தட்டு காய்ந்திருந்தது. எட்டாம் நாளும் காய்ந்தே இருந்தது!

வெள்ளிக்கிழமை வந்த தரகருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டோம். உத்தர்பாராவில் அம்பாஸிடர் உற்பத்தி 2014-ல் நின்றுபோயிற்று. எங்கள் வண்டி நிற்கவில்லை.

தரகர் போன பிறகு வாசலுக்கு வந்தேன். கோலத்தில் பதினைந்து புள்ளிதான் இருந்தது. காரின் பானெட்டின் மேல் அந்த மஞ்சள் துணி காய்ந்துகொண்டிருந்தது.