‘அண்ணை றைற்’ கேட்ட காதுகள் இங்கேயும் தேவை

மிசிசாகாவில் எங்கள் வீடுகளில் சனிக்கிழமை மாலை என்றால் பிறந்தநாள், சாமத்திய வீடு, ஊர்ச்சங்க ஒன்றுகூடல் என்று ஏதாவது ஒன்று வந்துவிடும். தப்பித்தவறி ஒரு சனிக்கிழமை வெறுமையாகக் கிடைத்தால், ரொறன்ரோவுக்குப் போய் இன்னும் பெயர் எடுக்காத இளைஞர்களின் ஸ்கெட்ச் நகைச்சுவை ஒன்றைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

ஸ்கெட்ச் என்பது ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு தன் கதையைச் சொல்லும் ஸ்ராண்ட்அப் அல்ல. மூன்று, நான்கு நிமிடக் குட்டி நாடகங்கள். இரண்டு கதிரை, ஒரு தொப்பி, அவ்வளவுதான் மேடைப் பொருட்கள். சிரிப்பு உச்சத்துக்குப் போனதும் விளக்கு அணையும். மறுபடி எரியும்போது அதே நடிகர்கள் வேறு ஆட்களாக நிற்பார்கள்.

இந்த வடிவம் எங்களுக்குப் புதிதல்ல. கே. எஸ். பாலச்சந்திரனின் ‘அண்ணை றைற்’ வேறு என்ன? மேடையில் நிற்பது ஒரு நடத்துநர் மட்டும். ஆனால் பஸ் நிறைய ஆட்கள் இருப்பது எங்களுக்குத் தெரிந்தது. இலங்கை வானொலியில் ஒலித்து, பிறகு 1976இல் படமாகவும் வந்த ‘கோமாளிகள்’ இன்னொரு உதாரணம். மரிக்கார் ராமதாஸ், உபாலி செல்வசேகரன், அப்புக்குட்டி ராஜகோபால் என்று பாத்திரத்தின் பெயர் நடிகரின் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பாலச்சந்திரன் கடைசிக்காலத்தில் கனடாவில் வாழ்ந்து 2014இல் இங்கேயே காலமானார். அவருடைய குரலைக் கசெற்றில் கேட்டுச் சிரித்தவர்கள் மிசிசாகாவில் இன்றும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ரொறன்ரோவும் இந்தக் கலைக்குச் சாதாரண ஊர் அல்ல. 1959இல் சிக்காகோவில் தொடங்கிய ‘செக்கன்ட் சிற்றி’ 1973இல் இங்கே ஒரு மேடையைத் திறந்தது. ஜோன் கான்டி, யூஜீன் லெவி, ‘ஹோம் அலோன்’ படத்தில் அம்மாவாக வந்த கத்தரின் ஓ’ஹாரா எல்லாரும் அந்த மேடையில் இருந்து வந்தவர்கள். 1984இல் சேர்ந்த ‘கிட்ஸ் இன் த ஹோல்’ குழு குயீன் வீதி மேற்கில் உள்ள ‘ரிவோலி’யின் பின்னறையில் ஆடி ஆடித்தான் தொலைக்காட்சி வரைக்கும் போனது. அவர்களும் ஒரு காலத்தில் யாரும் கேள்விப்படாத பொடியன்கள்தான்.

எங்களைப் பொறுத்தவரை முக்கியமான விசயம் இனித்தான் வருகிறது. ஸ்கெட்சை எழுதி முடிப்பது எழுத்தாளர் அல்ல, பார்வையாளர். செக்கன்ட் சிற்றி வழியில் வந்தவர்கள் முதலில் ஒரு காட்சியை முன்னேற்பாடில்லாமல் மேடையில் நடித்துப் பார்ப்பார்கள். சிரிப்பு வந்த இடம் நிற்கும், வராத இடம் வெட்டப்படும். அடுத்த இரவு மறுபடி. இப்படிப் பல இரவுகள் தேய்த்துத்தான் ஒரு நல்ல ஸ்கெட்ச் உருவாகிறது.

இப்போது ஒரு தமிழ்ப் பிள்ளை தன் வீட்டை மேடைக்குக் கொண்டுவருகிறது என்று வையுங்கள். அம்மம்மா தொலைபேசியை வைக்க மனமில்லாமல் ஐந்து தரம் “சரி, அப்ப வைக்கிறன்” என்று சொல்கிறார். அந்த ஐந்தாவது “வைக்கிறன்” எங்களுக்கு வயிறு நோகும் சிரிப்பு. எங்களில் ஒருவரும் இல்லாத அறையில் அதற்குச் சத்தமே வராது. அதே அம்மம்மாவின் ஆங்கில உச்சரிப்பைக் கொஞ்சம் கோணலாக்கினால் எல்லாரும் சிரிப்பார்கள். சில வாரங்களில் என்ன மிஞ்சும்? அம்மம்மா போய்விடுவார், உச்சரிப்பு மட்டும் நிற்கும். பிறகு வீட்டில் இருந்துகொண்டு “எங்களை வைத்துப் பகிடி பண்ணுகிறார்கள்” என்று குறைப்படுவதில் பலனில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்க நாங்கள் அங்கே இருக்கவில்லை.

உச்சரிப்பை வைத்துச் சிரிப்பூட்டுவதே பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. கோமாளிகளின் முழுச் சிரிப்பும் நாலு விதமான தமிழில்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு பேச்சுக்குள்ளும் ஒரு ஆள் இருந்தார், அவருக்கென்று ஆசையும் அவதியும் இருந்தன. இளம் குழு ஒன்றைப் பார்க்கும்போது இந்த ஒரு அளவுகோல் போதும்: பேச்சுக்குள்ளே ஆள் இருக்கிறாரா?

மிசிசாகாவில் பிறந்து வளர்ந்த மைத்ரேயி ராமகிருஷ்ணன், சுமார் 15,000 பேர் விண்ணப்பித்த தேர்வில் தெரிவாகி 2020இல் நெற்பிளிக்ஸில் வந்தபோது நாங்கள் எல்லாரும் கொண்டாடினோம். “நடிப்பா, அதென்ன வேலை?” என்ற கேள்வி அதன் பிறகு கொஞ்சம் குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை. வென்ற பிறகு கைதட்ட ஆட்கள் நிறைய. முப்பது கதிரையில் பன்னிரண்டு மட்டும் நிரம்பிய இரவில் போய் இருப்பதுதான் ஒரு புதுக் குழுவுக்கு உதவி.

எங்கே போவது? புளோர் வீதி மேற்கில் ஒஸிங்ரன் சுரங்க ரயில் நிலையத்துக்குக் கிட்ட ‘கொமெடி பார்’ இருக்கிறது. காரைக் கிப்ளிங்கில் விட்டுவிட்டு ஒரே ரயிலில் போய் இறங்கலாம். புதுக் குழுக்கள் ஆடும் சின்ன மேடை, ரிக்கெற்றும் பெரிய கலைவிழாக்களைவிட மலிவாகவே இருக்கும். செக்கன்ட் சிற்றி இப்போது யோர்க் வீதியில், யூனியன் நிலையத்தில் இருந்து நடக்கும் தூரத்தில். போர்ட் கிரெடிற்றில் கோ ரயில் ஏறினால் ஏறக்குறைய அரை மணித்தியாலம். ஒரே மாலையில் பல குழுக்களைப் பார்க்க வேண்டுமென்றால் ரொறன்ரோ ஸ்கெட்ச் நகைச்சுவை விழா இருக்கிறது, வழமையாக மார்ச்சில் வரும்.

இரண்டு எச்சரிக்கை. கெட்ட வார்த்தை தாராளமாக வரும், ஆகவே வயது எல்லையைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். எல்லா ஸ்கெட்சும் நன்றாக இராது, பத்தில் மூன்று கட்டாயம் படுத்துவிடும். அதுவும் நாலு நிமிடத்தில் முடிந்துவிடும், எங்கள் கலைவிழாப் பேச்சுக்கள் மாதிரி இல்லை. செக்கன்ட் சிற்றியில் காட்சி முடிந்த பிறகு முன்னேற்பாடில்லாத பகுதி ஒன்றை நடத்தும் வழக்கம் உண்டு. அன்றைக்கு இருக்கிறதா என்று வாசலில் கேட்டுவிட்டு, இருந்தால் எழும்பி வந்துவிடாதீர்கள். புதுக் காட்சிகள் அங்கேதான் முதன்முதல் சோதித்துப் பார்க்கப்படுகின்றன.