தகப்பனாரின் தகரப் பெட்டியில் தேட வேண்டியவை

விருத்தாசலம் வட்டாரத்துச் சிறு விவசாயக் குடும்பங்களுக்குச் செம்மண் கொல்லையில் முந்திரியும் மணிலாவும் ஒரு பிழைப்பு. பீங்கான் பட்டறை வேலை மற்றொரு பிழைப்பு. கொல்லையைத் தகப்பனார் பார்த்துக்கொள்வார். பிள்ளைகள் சூளைக்கும் பொம்மை அச்சுக்கும் போவார்கள். தகப்பனார் திடீரெனக் காலமானால் நிலம் எத்தனை சென்ட், எங்கே என்ன கடன் என்பது வீட்டில் எவருக்கும் தெரிவதில்லை. வாய்க்கு வாய் ‘ஓடைக் கொல்லை’ என்று சொல்லிவந்த நிலத்துக்குப் புல எண் கேட்டால் விழிப்பார்கள்.

இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். பின்பு வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். இவை இரண்டும் இல்லாமல் எந்த அலுவலகத்திலும் காரியம் நகராது.

நிலத்தைக் கண்டுபிடிக்கக் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள சிட்டா உதவும். அது ஆள்வாரியான பதிவு. ஒருவருக்கு அந்தக் கிராமத்தில் உள்ள நிலம் முழுவதும் அதில் தெரியும். ஆனால் பக்கத்துக் கிராமத்தில் வாங்கிப்போட்ட அரை ஏக்கர் அதில் வராது. அங்கும் போய்க் கேட்க வேண்டும். பட்டா இன்னும் பாட்டனார் பெயரிலேயே இருப்பதும் உண்டு. ஆகவே அவர் பெயரிலும் தேடுவது நல்லது. புல எண் கிடைத்ததும் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுத்தால் பதிவான விற்பனையும் அடமானமும் தெரியவரும். வெள்ளைத்தாளில் எழுதிய ஒத்தி அதில் வராது. அதை ஊர்ப் பெரியவர்களிடம்தான் விசாரித்தறிய வேண்டும்.

அடுத்தது வங்கிப் புத்தகம். இதைப் பலரும் இருப்புத் தொகைக்காக மட்டும் பார்த்துவிட்டு மூடிவைக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறை 436 ரூபாய் பிடித்திருந்தால் அவர் பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டில் சேர்ந்திருந்தார் என்று பொருள். 2022க்கு முன் இத்தொகை 330 ரூபாய். 20 ரூபாய் பிடித்திருந்தால் அது விபத்துக் காப்பீடு. முன்னதில் எக்காரணத்தால் இறந்தாலும், பின்னதில் விபத்தால் இறந்தாலும் 2 லட்சம் ரூபாய் உண்டு. பாம்புக் கடியும் மரத்திலிருந்து விழுவதும் விபத்தே. மருத்துவமனைச் சீட்டு இருக்க வேண்டும். முந்திரிக் கொல்லைக்காரருக்கு இது சின்ன விஷயமல்ல. கூடியமட்டும் 30 நாட்களுக்குள் வங்கியில் தெரிவிப்பது அவசியம்.

10 ஆண்டுகள் எவரும் தொடாத வைப்புத் தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். போனாலும் வாரிசுகள் அந்த வங்கியிலேயே கேட்டுப் பெறலாம். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தொடங்கிய ‘உத்கம்’ இணையதளத்தில் இறந்தவர் பெயரைக் கொண்டு இத்தகைய கணக்குகளைத் தேடலாம். கிராமக் கூட்டுறவுச் சங்கக் கணக்கு அதில் அகப்படாது. சங்கத்துக்கு நேரில் போய்ப் பங்குத் தொகை, பயிர்க் கடன், நகைக் கடன் மூன்றையும் கேட்டுவர வேண்டும். மருமகளின் நகையைக்கூட மாமனார் பெயரில் அடகு வைத்திருப்பார்கள். சீட்டு எங்கே என்று தெரியாமல் தவணை தப்பினால் நகை ஏலத்துக்குப் போகும். கடனைப் பற்றி மிரள வேண்டியதில்லை. தகப்பனார் விட்டுச்சென்ற சொத்தின் மதிப்புக்கு மேல் பிள்ளைகள் தம் கைப்பொருளைக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் அல்லர்.

‘நாமினி’ என்று பெயர் போட்ட மகனுக்கே பணம் முழுவதும் சொந்தம் என்று எண்ணுவது தவறு. நாமினி பணத்தை வாங்கும் உரிமை மட்டுமே பெற்றவர், வைப்புத் தொகை வாரிசுகள் எல்லோருக்கும் உரியது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் கூறியது. இந்துக் குடும்பங்களில், உயில் இல்லையெனில், தகப்பனார் சுயமாகச் சம்பாதித்த நிலத்தில் மனைவி, மகன், மகள், உயிருடன் இருந்தால் தாயார் ஆகியோருக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி சம பங்கு. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாட்டு மகள்களுக்கு 1989இல் உரிமை வந்தபோது அதற்கு முன் மணமானவர்கள் விடுபட்டனர். 2005ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. கட்டிக்கொடுத்த பெண்ணின் பெயரை வாரிசுச் சான்றில் மறைத்து வாங்கிய பட்டா பின்னாளில் வழக்கில்தான் முடிகிறது.

பாகம் பிரிக்கும்வரை எல்லோர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக மாற்றிக்கொள்ளலாம். பம்புசெட் மின் இணைப்பையும் அப்போதே பெயர் மாற்றிவிட வேண்டும். பிரதமர் கிசான் உதவித் தொகைக்கு 1.2.2019க்குப் பின் நிலம் பெற்றவர்கள் பொதுவாகத் தகுதி பெறுவதில்லை. உரிமையாளர் இறந்ததால் வாரிசாக நிலம் பெற்றவருக்கு இதில் விலக்கு உண்டு.