ஷேடோ டீச்சர் சான்றிதழ்: பதிவு பெற்றது எது?

ஜூனில் பள்ளி திறப்பதற்குள், வகுப்பில் மாற்றுத்திறன் குழந்தைக்கு அருகிலிருந்து உதவும் 'ஷேடோ டீச்சர்' பயிற்சியில் சேர்ந்துவிட வேண்டும் என்று பலரும் அவசரப்படுகிறார்கள். 'சலுகைக் கட்டணம் மே 31 வரை மட்டும்' என்ற விளம்பரங்கள் அந்த அவசரத்தைக் கூட்டுகின்றன. வாசகர் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "அரசுப் பதிவு பெற்றது என்று போட்டிருக்கிறார்களே, நம்பிச் சேரலாமா?"

போட்டிருப்பது பெரும்பாலும் பொய்யல்ல. சிக்கலே அதில்தான் இருக்கிறது.

ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவ மூன்று மாதப் பயிற்சி தருவதாக ஒருவர் நிறுவனம் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஒன்றிய அரசின் 'உத்யம்' தளத்தில் பதிவு செய்கிறார். 2020 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள இந்தப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. எந்த ஆவணத்தையும் பதிவேற்ற வேண்டியதில்லை. ஆதார், பான் எண்களும் அவர் தன்னைப் பற்றிச் சொல்லும் விவரங்களும் போதும். தையல் கடையும் மாவு மில்லும் பதிவு பெறுவது இதே தளத்தில்தான். அதில் கிடைக்கும் சான்றிதழில் அமைச்சகத்தின் பெயர் இருக்கும். பாடத்திட்டத்தை அமைச்சகம் பார்த்திருக்காது. பார்ப்பது அதன் வேலையும் அல்ல.

அடுத்தது ஐ.எஸ்.ஓ. 9001. இது ஒரு நிறுவனம் தன் வேலைகளை ஒழுங்காக நிர்வகிக்கிறதா என்பதற்கான தர முறை. ஐ.எஸ்.ஓ. அமைப்பு நேரடியாக யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை. அதைத் தருபவை தனியான சான்றளிப்பு நிறுவனங்கள். பயிற்சி பெற்றவருக்குக் குழந்தையைக் கையாளத் தெரியுமா என்பது அந்தச் சோதனைக்குள் வராது. மூன்றாவதாக, 'வெளியுறவு அமைச்சக அப்போஸ்டில் பெறலாம், வெளிநாட்டிலும் செல்லும்' என்கிறார்கள். அப்போஸ்டில் என்பது காகிதத்தில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று உறுதி செய்வது. படிப்பு தரமானது என்று அது சொல்லவில்லை.

ஆக, மூன்று உண்மையான சான்றுகள் அடுத்தடுத்து நிற்கின்றன. மூன்றில் ஒன்றுகூட நீங்கள் பணம் கட்டும் படிப்பைப் பற்றியது அல்ல. ஆனால் விளம்பரத்தில் அவற்றைப் பார்க்கும் பெண், நகையை அடகு வைத்தாவது சேர்ந்துவிடலாம் என்று முடிவெடுக்கிறார். இது எனக்குக் கோபத்தையே தருகிறது.

கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "உங்கள் நிறுவனத்தின் பதிவு எண் வேண்டாம். இந்தப் படிப்புக்கு யார் ஒப்புதல் தந்தார்கள்?" தொழிற்பயிற்சிப் படிப்பு என்றால், தேசியத் தொழிற்கல்வி, பயிற்சிக் கவுன்சிலின் தேசியத் தகுதிப் பதிவேட்டில் அது ஒரு குறியீட்டு எண்ணுடனும் நிலையுடனும் இருக்க வேண்டும். மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான படிப்பு என்றால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் (ஆர்.சி.ஐ.) பட்டியலில் படிப்பு, அதை நடத்தும் நிறுவனம் இரண்டும் இருக்க வேண்டும். ஆர்.சி.ஐ. ஒப்புதலுள்ள சிறப்புக் கல்வி டிப்ளமோ இரண்டு ஆண்டுப் படிப்பு. சமூகம் சார்ந்த மறுவாழ்வுப் பணிக்காக 2021இல் கொண்டுவந்த சான்றிதழ்ப் படிப்புக்கே ஆறு மாதம் வேண்டும்.

1992ஆம் ஆண்டின் ஆர்.சி.ஐ. சட்டப்படி, அதன் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் மறுவாழ்வுத் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தச் சட்டத்தின்கீழ் வரும் தொழில் வகைகளில் சிறப்பாசிரியர் உண்டு. 'ஷேடோ டீச்சர்' என்று ஒரு வகை கிடையாது. அதனால் பள்ளிகள், "அவர் எங்கள் ஊழியர் அல்ல, பெற்றோர் அழைத்து வந்தவர்" என்று எளிதாகச் சொல்லிவிடுகின்றன. சம்பளம் பெற்றோர் கையிலிருந்து போகிறது. ஷேடோ வைத்தால்தான் சேர்க்கை என்று சொல்லும் பள்ளிகளும் இருக்கின்றன. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 16, தனிப்பட்ட ஆதரவைத் தரும் கடமையைக் கல்வி நிறுவனத்தின் மேல்தான் வைத்திருக்கிறது. அரசுத் துறைகள் 'உள்ளடக்கிய கல்வி' என்று சொல்லும்போது, அந்த ஆதரவுக்குச் சம்பளம் தருவது யார் என்று கேட்டுப் பாருங்கள். தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் எனச் சிறப்பாசிரியர்கள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் சொன்னது. பணியிடங்களை அறிவிக்கும்படி 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம் மாநிலங்களுக்கு மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது.

பயிற்சியில் என்ன இருக்க வேண்டும்? பையைத் திறந்து நோட்டை எடுப்பதையே பாருங்கள். முதல் நாள் குழந்தையின் கைமேல் கை வைத்துத் திறக்க வைக்கலாம். பிறகு முழங்கையில் லேசாகத் தொட்டால் போதும். அப்புறம் பையை நோக்கி ஒரு விரல். கடைசியில் எதுவும் செய்யாமல் காத்திருக்க வேண்டும். இந்தக் கடைசிப் படி தெரியாத உதவியாளரிடம் வளரும் குழந்தை, அவர் விடுப்பில் போன அன்று பையையே தொடாது. எப்போது கையை எடுப்பது என்பதை வீடியோ பார்த்துக் கற்க முடியாது. அனுபவமுள்ள ஒருவர் வகுப்பறையில் கூட நின்று திருத்த வேண்டும். நேரடிப் பள்ளிப் பயிற்சி எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வை என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் பணம் கட்டாதீர்கள்.

மற்ற கேள்விகள்:

பிளஸ் டூ போதுமா? சிறப்புக் கல்வி டிப்ளமோவுக்கு 50 சதவீத மதிப்பெண்ணுடன் போதும்.

சென்னையில் நேரில் விசாரிக்க இடம் உண்டா? கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில், பன்முகக் குறைபாடு உள்ளோருக்கான ஒன்றிய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது.

சான்றிதழ் வாங்கினால் அரசு வேலையா? இல்லை.

ஆர்.சி.ஐ. பதிவு ஆயுள் முழுவதற்குமா? இல்லை, புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர் பயிற்சிப் புள்ளிகளும் வேண்டும்.

ஏற்கெனவே கட்டிவிட்டேன், என்ன செய்வது? ரசீதையும் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் பத்திரப்படுத்துங்கள். பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.