செசோன் பியரின் சுவை

செசோன் என்பது பெல்ஜியத்தின் தென்பகுதியான வலோனியாவின் பண்ணைகளில் தோன்றிய பியர் வகை ஆகும். பிரெஞ்சு மொழியில் இச்சொல்லுக்குப் 'பருவம்' என்பது பொருள். குளிர்காலத்தில் காய்ச்சி வைத்து, கோடையில் வயல் வேலையாட்களுக்கு இது வழங்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. தூர்ப் என்னும் ஊரிலுள்ள துபோன் ஆலையின் 'செசோன் துபோன்' இவ்வகைக்கு முன்மாதிரியாகக் கருதப்படுகிறது. அதன் ஆல்ககால் அளவு 6.5 விழுக்காடு.

சற்றே கலங்கிய பொன்னிறமும் அடர்ந்த நுரையும் இதன் தோற்றம். மிளகு, கிராம்பு, எலுமிச்சை ஆகியவற்றை நினைவூட்டும் மணம் எழும். எனினும் மிளகோ கிராம்போ பெரும்பாலும் சேர்க்கப்படுவதில்லை. பல பியர்கள் ஏறத்தாழ 20 பாகை செல்சியசில் நொதிக்க, செசோன் ஈஸ்ட் 30 பாகையையும் தாண்டி நொதிக்கக்கூடியது. அப்போது உருவாகும் எசுத்தர்கள் பழ மணத்தையும், பீனால்கள் காரமணத்தையும் தருகின்றன.

நாவில் முதலில் தோன்றும் தானிய இனிப்பு விரைவில் மறைந்துவிடும். செசோன் ஈஸ்ட் வகைகள் பல, பிற ஈஸ்ட்கள் விட்டுவிடும் டெக்சுட்ரின்களையும் சிதைத்து நொதிக்கச் செய்வதே காரணம். மிஞ்சும் சர்க்கரை மிகக் குறைவு என்பதால் ஹாப்ஸ் பூக்களின் கசப்பு மறைவின்றி வெளிப்படுகிறது. கொதிக்கும்போது சேர்க்கும் ஹாப்ஸ் கசப்பையும், நொதித்தபின் சேர்ப்பது மணத்தையும் கூட்டும். இது மிகுந்தால் ஈஸ்ட்டின் மணம் அமுங்கி, செசோனின் தனித்தன்மை குன்றும்.

இனிப்பற்ற இந்த உலர்சுவை பியரை இலேசானதாக உணரச் செய்கிறது. ஆனால், சர்க்கரை குறைந்தது அது ஆல்ககாலாக மாறியதால்தான்.