வீட்டை விற்று ஏட்டை அச்சிட்ட வக்கீல்

வக்கீல் ஒருவர் தம்முடைய சொந்த வீட்டை விற்றார்.

கடனை அடைப்பதற்காக அல்ல. பெண்ணின் கல்யாணச் செலவுக்காகவும் அல்ல. பழைய ஓலைச்சுவடிகளில் கிடந்த பக்தி வாசகங்களை அச்சடிக்க ஓர் அச்சுக்கூடம் வேண்டும். அதற்காக விற்றார்!

அவர் பெயர் பக்கீரப்ப குருபசப்ப ஹளகட்டி. கன்னட மக்கள் அவரை 'வசன பிதாமகர்' என்கிறார்கள். பிதாமகர் என்றால் பாட்டனார். உ. வே. சாமிநாத ஐயரைத் தமிழ் மக்கள் 'தமிழ்த் தாத்தா' என்று அழைக்கவில்லையா? அதைப் போலத்தான்.

இரண்டு மந்திரிகள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள ஆவுடையார்கோவிலுக்குப் பழைய பெயர் திருப்பெருந்துறை. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் புறப்பட்ட மந்திரி மாணிக்கவாசகர், இங்கேதான் குருவைக் கண்டு மனம் மாறினார் என்பது வரலாறு. அவர் அருளிய திருவாசகம் இன்றைக்கும் ஓதப்படுகிறது.

கன்னட நாட்டிலும் அப்படி ஒரு மந்திரி இருந்தார். 12-ம் நூற்றாண்டில் கல்யாண நகரில் பிஜ்ஜள மன்னனிடம் பணியாற்றிய பசவண்ணர். உயர்ந்தவன், தாழ்ந்தவன் என்ற பேதம் சிவனடியாருக்கு இல்லை என்றார். அவரைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்தது. ஓடம் தள்ளும் சௌடய்யா வந்தார். துணி வெளுக்கும் மாச்சய்யா வந்தார். சிந்திய அரிசியைப் பொறுக்கிப் பிழைத்த தம்பதியர் மாரய்யாவும் லக்கம்மாவும் வந்தார்கள். அரண்மனை வாழ்வை உதறிய அக்கமகாதேவியும் வந்தார். பண்டிதர் பாஷையில் அல்ல, வீட்டில் பேசும் கன்னடத்திலேயே இவர்கள் சொன்ன வாசகங்களுக்கு 'வசனம்' என்று பெயர்.

பிறகு கலகம் மூண்டது. அடியார்கள் திசைக்கொருவராகச் சிதறினார்கள். அவர்களோடு சுவடிகளும் சிதறின. பின்னால் சிலர் தேடித் தொகுத்து வைத்தது உண்மைதான். ஆனாலும் திருவாசகத்துக்குக் கிடைத்த பாக்கியம் வசனங்களுக்கு வாய்க்கவில்லை. மடங்களிலும் வீடுகளிலும் ஏட்டுக் கட்டுகளுக்குப் பூப்போட்டுக் கும்பிட்டார்கள். பிரித்துப் படித்தவர்கள் குறைவு.

கட்டை அவிழ்த்தவர்

ஹளகட்டி 1880-ம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி தார்வாரில் பிறந்தார். தாயைச் சிறு வயதிலேயே இழந்தார். தந்தை ஆசிரியர். பம்பாயில் சட்டம் படித்து 1904-ல் தேறினார். பிறகு பீஜப்பூரில் வக்கீல் தொழில்.

ரபகவி, பனஹட்டி பக்கம் ஒரு வீட்டில் சில சுவடிகள் அவர் கண்ணில் பட்டன. அன்றைக்குப் பிடித்த பித்து கடைசிவரை தெளியவில்லை! ஊர் ஊராகப் போனார். பூஜையில் இருக்கும் ஏட்டை யார் லேசில் எடுத்துக் கொடுப்பார்கள்? கெஞ்சினார், காத்திருந்தார். இப்படிச் சேர்த்த சுவடிகள் ஆயிரத்துக்கும் மேல். கோர்ட்டு வேலை போக மிஞ்சிய நேரமெல்லாம், பூச்சி அரித்த ஓலையை வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படியெடுத்தார். ஒரே வசனம் ஒரு சுவடியில் ஒரு மாதிரி இருக்கும், இன்னொன்றில் வேறு மாதிரி இருக்கும். இரண்டையும் ஒத்துப் பார்க்க வேண்டும். ஏடு பார்த்தவர்களுக்குத்தான் இந்தக் கஷ்டம் தெரியும்.

கைப்பிரதி தயாரானது. மங்களூரில் ஓர் அச்சகத்துக்கு அனுப்பினார். அச்சிட முடியாது என்று திரும்பி வந்துவிட்டது! வேறொருவராக இருந்தால் பெட்டியில் போட்டுப் பூட்டியிருப்பார். ஹளகட்டி பெல்காமில் ஓர் அச்சகத்தைப் பிடித்தார். 1923-ல் 'வசன சாஸ்திர சாரம்' முதல் பாகம் வெளிவந்தது.

ஒவ்வொரு நூலுக்கும் அடுத்தவர் வாசலில் நிற்க முடியுமா? அப்போதுதான் வீட்டை விற்றார். 1925-ல் பீஜப்பூரிலேயே 'ஹித சிந்தக' அச்சகம் பிறந்தது. மறு வருஷம் 'சிவானுபவம்' பத்திரிகை. அதற்கடுத்த வருஷம் 'நவ கர்நாடகம்' வார இதழ். எழுதுவது அவர்தான், பிழை திருத்துவதும் அவர்தான். வீட்டை விற்றவருக்கு அப்புறம் வாடகை வீட்டு வாசம். கிழிந்த கோட்டைத் தைத்துப் போட்டுக்கொண்டு நடந்த மனிதர் இதைப் பற்றிக் குறைப்பட்டுக் கொண்டதாகத் தெரியவில்லை. வீட்டில் இருந்தவர்கள் பட்ட பாடு வேறு கதை.

பலன் என்ன? வசனம் சொன்னவர்கள் 50 பேர் இருக்கலாம் என்று அதுவரை எண்ணியிருந்தார்கள். ஹளகட்டியின் தேடலில் 200-க்கும் மேற்பட்ட பெயர்கள் வெளிச்சத்துக்கு வந்தன. அவர்களில் பெண்கள் பலர். ஓடக்காரரும் வண்ணாரும் கன்னட இலக்கியத்தில் பண்டிதர்களுக்குச் சமமாக உட்கார்ந்தார்கள்.

1926-ல் பல்லாரியில் கூடிய கன்னட சாகித்திய சம்மேளனத்துக்கு அவரே தலைவர். 1956-ல் கர்நாடகப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அதற்குள் அவருக்கு வயது 76.

நம்பியும் வந்தார்

அவர் அச்சிட்டது வசனங்களை மட்டுமல்ல. ஹரிஹரர் என்ற பழைய கன்னடக் கவியின் 'ரகளெ'ப் பாடல்களையும் வெளியிட்டார். அவற்றில் ஒன்று 'நம்பியண்ணன்' கதை. யார் இந்த நம்பியண்ணன்? சுந்தரமூர்த்தி நாயனார்தான்!

தமிழகத்தின் அறுபத்துமூவரைக் கன்னட வீரசைவர்கள் 'புராதனர்' என்று போற்றுகிறார்கள். அந்த அறுபத்துமூவரில் இருவர் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்கள். ஒருவர் நெற்களஞ்சியத்தை அடியார்களுக்குத் திறந்துவிட்ட கொடும்பாளூர் இடங்கழியார். மற்றவர் மணமேல்குடி குலச்சிறையார். அவரும் ஒரு மந்திரி!

ஹளகட்டி 1964 ஜூன் 29-ந் தேதி காலமானார். 84 வயது நிறைய மூன்று நாள் பாக்கி. அவர் பிறந்த ஜூலை 2-ந் தேதியைக் கர்நாடகத்தில் வசனப் பாதுகாப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள்.