தாவல் தவறினால் குற்றவாளி எடிட்டரா?

புனேயை அடுத்த ஹிஞ்சவடியின் ராஜீவ் காந்தி இன்ஃபோடெக் பார்க்கிலோ சென்னை சிறுசேரியிலோ வேலைக்குச் சேர்கிற இளம் பொறியாளருக்கு முதல் நாளே புதிய மென்பொருள் எழுதும் யோகம் வாய்ப்பது அபூர்வம். பல கைகள் மாறி வந்த நிரலைத்தான் பெரும்பாலும் கொடுப்பார்கள். அதில் எது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. இதற்காகவே விஎஸ் கோட் போன்ற கோட் எடிட்டர்களில் ஒரு வசதி உண்டு: ஒரு பெயரின்மேல் கன்ட்ரோல் விசையோடு கிளிக் செய்தால் அது குறிக்கும் கோப்பு திறந்துகொள்ளும். ஆனால் தரவை எடுத்துக் கொடுக்கும் நிரல் கோப்பிலிருந்து, திரையில் தெரியும் பக்கத்தின் டெம்ப்ளேட்டுக்குத் தாவும்போது இது அடிக்கடி மக்கர் செய்யும். உடனே இந்த வசதியைத் தரும் எக்ஸ்டென்ஷனை அழித்துத் திரும்ப நிறுவுவார்கள். எடிட்டரை மூடித் திறப்பார்கள். கடைசியில் ‘எக்ஸ்டென்ஷன் குப்பை’ என்று தீர்ப்பு வரும். அந்தத் தீர்ப்பு பல நேரங்களில் தவறு. இரண்டு கோப்புகளுக்கும் என்ன உறவு என்பதை நிரலே தெளிவாகச் சொல்லாமல் விட்டிருக்கும்.

ஜாங்கோவை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஒரு நாளிதழ் அலுவலகத்தில் பிறந்து 2005இல் வெளியான பைத்தான் கட்டமைப்பு இது. நிரலாளர் கை வைக்காமலேயே வடிவமைப்பாளர் பக்கத்தை மாற்றிக்கொள்ள வசதியாக, டெம்ப்ளேட்டைத் தனிக் கோப்பாகப் பிரித்து வைத்தார்கள். நிரலில் ‘ஆர்டர்ஸ், சாய்கோடு, லிஸ்ட்.எச்டிஎம்எல்’ என்று மேற்கோள்குறிக்குள் ஒரு பெயர் மட்டும் இருக்கும். ஜாங்கோ அந்தப் பெயரை வைத்துக்கொண்டு, செட்டிங்ஸ் கோப்பில் சொன்ன கோப்புறைகளை வரிசையாகத் தேடும். பிறகு ஒவ்வொரு செயலியின் டெம்ப்ளேட் கோப்புறையையும் பார்க்கும். முதலில் அகப்பட்டதை எடுத்துக்கொள்ளும். எடிட்டரில் இருக்கும் பைத்தான் கருவிக்கோ அது மேற்கோளுக்குள் கிடக்கும் வெறும் எழுத்துச்சரம். அந்தச் சரத்துக்குப் பின்னால் ஒரு கோப்பு இருப்பது கருவிக்குத் தெரிய வழியில்லை. தெரிந்துகொள்ள முயலும் எக்ஸ்டென்ஷன்களும் செட்டிங்ஸை முழுதாகப் படிக்காவிட்டால், கோப்புறைப் பெயரைப் பார்த்து ஊகிக்கத்தான் செய்யும். இரண்டு செயலிகளிலும் வெறும் லிஸ்ட்.எச்டிஎம்எல் என்றே வைத்திருந்தால், ஒரே தெருவில் இரண்டு முருகன் ஸ்டோர்ஸ் இருப்பது போலத்தான். இன்னும் வேடிக்கை, ஜாங்கோவின் லிஸ்ட்வியூ. செயலியின் பெயரையும் மாடலின் பெயரையும் சேர்த்து டெம்ப்ளேட்டின் பெயரை அதுவே உருவாக்கிக்கொள்ளும். நிரலில் அந்தப் பெயர் எழுதப்பட்டே இருக்காது. கிளிக் செய்ய எழுத்தே இல்லாத இடத்தில் எக்ஸ்டென்ஷனை நொந்து என்ன பயன்?

ஆங்குலர் என்ற இணையக் கட்டமைப்பில் நிலைமை வேறு. அங்கே தனி டெம்ப்ளேட் கோப்பு வைத்திருக்கும் ஒவ்வொரு காம்பொனென்டும் அந்த டெம்ப்ளேட் எந்தப் பாதையில் இருக்கிறது என்பதைத் தன் கோப்பிலேயே, தான் இருக்கும் இடத்திலிருந்து கணக்கிட்டு எழுதிவைக்கிறது. கம்பைலர் படிக்கும் அதே வரியைத்தான் எடிட்டரின் ஆங்குலர் கருவியும் படிக்கிறது. எடிட்டர் அதே விஎஸ் கோட். எடிட்டரும் கருவியும் பேசிக்கொள்ளும் மொழியும் 2016இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த அதே லாங்க்வேஜ் சர்வர் புரோட்டோகால். ஆனாலும் ஆங்குலரில் தாவல் பெரும்பாலும் குறி தப்புவதில்லை. தப்பினால், அந்தக் கோப்பு எந்த டைப்ஸ்கிரிப்ட் கட்டமைப்புக் கோப்பின் கீழும் வராமல் விடுபட்டிருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது. எடிட்டர் ஒன்றே, உறவு எழுதப்பட்ட விதம்தான் வேறு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஆகவே பழுது பார்க்கத் தொடங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, ‘இந்தக் கருவிக்கு அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்?’ என்பதே. திட்டத்தின் வேர்க் கோப்புறையைத் திறக்காமல் அதற்கு மேலே உள்ளதைத் திறந்திருந்தால் பாதைகள் பொருந்தாமல் போகலாம். விண்டோஸ் கணினியிலிருந்து லினக்ஸ் சூழலில் வேலை செய்பவர்கள் எக்ஸ்டென்ஷனை லினக்ஸ் பக்கம் நிறுவ மறந்திருக்கலாம். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் பொருட்படுத்தாது; லினக்ஸ் விடாது. பின்திசைத் தாவலில் இன்னொரு சிக்கல்: ஒரு டெம்ப்ளேட்டைப் பத்து இடங்கள் பயன்படுத்தலாம். அங்கிருந்து ‘என்னை அழைத்தவர் யார்’ என்று கேட்டால் ஒற்றை விடை கிடையாது. பட்டியல் வருவதுதான் நியாயம். அதைப் பிழை என்று எண்ணக்கூடாது.

எக்ஸ்டென்ஷனில் பிழையே இருக்காதா என்றால், நிச்சயம் இருக்கும்; இரண்டு எக்ஸ்டென்ஷன்கள் ஒன்றோடொன்று மோதுவதும் உண்டு. அதைச் சோதிக்க விஎஸ் கோடிலேயே ‘எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்’ இருக்கிறது. பாதியை அணைத்துப் பார்த்து, மீதியில் பாதி என்று போகும். 32 எக்ஸ்டென்ஷன்கள் இருந்தாலும் ஐந்தே சுற்றில் குற்றவாளி சிக்கிவிடும். அழித்து நிறுவுவதைவிட இது எவ்வளவோ மேல். கோப்புகளைப் பிரித்ததே தப்பு, ரியாக்ட் போல ஒன்றாகவே எழுதலாமே என்பது அடுத்த வாதம். அதில் நியாயம் இருக்கிறது, அந்த ஒரு தாவலின் தேவை போய்விடும். ஆனால் வடிவமைப்பாளருக்கென்று தனிக் கோப்பு வேண்டும் என்ற பழைய தேவை அதனால் மறையாது. ஹிஞ்சவடியில் பராமரிப்பில் இருக்கும் பழைய செயலிகளை யாரும் அதற்காகத் திருப்பி எழுதப்போவதுமில்லை. இதே புனேயில் 1981இல் தொடங்கிய டாடா ரிசர்ச் டெவலப்மென்ட் அண்ட் டிசைன் சென்டர், மாதிரியிலிருந்தே நிரலை உருவாக்கும் மாஸ்டர்கிராஃப்ட் போன்ற கருவிகளில் வேறு வழியை முயன்றது. உறவுகளை முதலில் மாதிரியில் எழுதிவைத்துவிட வேண்டும் என்பது அதன் அடிப்படை.

செயற்கை நுண்ணறிவு கண்டுபிடித்துவிடுமே என்பார்கள். நிரல் சொல்லாததை அதுவும் ஊகித்தாக வேண்டும். இரண்டு லிஸ்ட்.எச்டிஎம்எல் இருந்தால் குழம்புவது எடிட்டர் மட்டுமா? செட்டிங்ஸில் செயலிகளின் வரிசையை யாராவது மாற்றினால், ஆர்டர் பக்கம் கேட்ட வாடிக்கையாளருக்கு வேறு செயலியின் பக்கம் போய்ச் சேரும். ஒவ்வொரு செயலியின் டெம்ப்ளேட் கோப்புறைக்குள்ளும் அதே செயலியின் பெயரில் இன்னொரு கோப்புறை வைக்கச் சொல்லி ஜாங்கோ ஆவணமே அறிவுறுத்துவது இதனால்தான். அப்படி வைத்து, நிரலிலும் முழுப் பெயரை எழுதினால், பக்கமும் மாறாது. கிளிக்கும் சரியான கோப்பில் போய் நிற்கும்.